ரப்பர்க் குழாய்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி சாப்பிட்டு முடித்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதை எப்போது விற்கப் போகிறீர்கள்?" வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வாசலை ஒட்டித் தகரக் கொட்டகையில் நிற்கும் காரைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

அது 1951ஆம் வருஷத்து எம்.ஜி. டி.டி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற சிற்றூரில் 1949 முதல் 1953 வரையில் இந்த ஜாதிக் கார்களை ஏறக்குறைய 30 ஆயிரம் செய்தார்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போயிற்று. 1980ல் ஆபிங்டன் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி, 2019லிருந்து நம் ஊர்ச் சாலைகளிலும் புதுக் கார்களின் மூக்கில் மின்னுகிறது. அதனால் எதிர் வீட்டுப் பையன் ஒரு நாள் எங்கள் காரைச் சுற்றி வந்து, "அங்கிள், இதுக்கு எங்கே சார்ஜ் போடுவீங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் வாசகர்கள் ஏதோ அம்பு மாதிரிப் பாயும் வாகனத்தை மனத்தில் கற்பித்துக் கொள்வார்கள். எங்கள் கார் 54 குதிரைச் சக்தி. அதன் இளமையில் மணிக்கு 125 கிலோ மீட்டர் வரையில் போகும் என்பார்கள். என் கையில் அது நாற்பதைத் தாண்டியதில்லை. மாம்பலத்து ஆட்டோக்காரர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு அனுதாபப் பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

காரை வாங்கியவர் என் மாமா. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் 1969ல் சீமைக்குத் திரும்பியபோது மாமா அதை வாங்கி, மலையிறக்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேர்தான் உட்காரலாம். மூன்றாவது ஆள், அதாவது சிறு பையனாக இருந்த நான், பின்னால் மடித்து வைத்த துணிக் கூரையின் மேல் உட்கார்ந்து மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வேன். 2014ல் மாமா காலமானார். கார் எனக்கு வந்தது. காரோடு பாயும் வந்தார்.

பாய்க்கு இப்போது எழுபத்தெட்டு வயது. மாமா கார் வாங்கிய வருஷம் அவர் இருபத்திரண்டு வயது இளைஞர். புதுப்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக் காரை வீட்டில்தான் பார்க்க வேண்டும்" என்பது மாமாவின் சித்தாந்தம். அதனால் பாய் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு ஒரு தோல் பையுடன் வருவார். பிறகு அவரே சொந்தமாகக் கடை வைத்தார். கடையை மூடவும் மூடினார். ஞாயிற்றுக்கிழமை வருவது மட்டும் நிற்கவில்லை. என்னை அன்று எப்படித் "தம்பி" என்றாரோ அப்படித்தான் இன்றும்.

நாவல் எழுதுகிறவனுக்கு மனிதர்களுக்குக் கோளாறு உண்டாக்கத்தான் தெரியும். கோளாறைத் தீர்க்கிற வித்தையைப் பாயிடம்தான் கற்றேன். அதுவும் லேசில் வரவில்லை. இந்த எஞ்சினுக்கு ஸ்பானர் தேடுவதே ஒரு பெரிய வேதாந்தம். போல்ட்டின் மரை மெட்ரிக் அளவு; தலை மட்டும் இங்கிலீஷ் விட்வொர்த் அளவு. உடம்பு பிரெஞ்சுக்காரன், தலைப்பாகை வெள்ளைக்காரன். காரணம் இருக்கிறது. மோரிஸ் கம்பெனியார் 1923ல், கவென்ட்ரி நகரில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் எஞ்சின் தொழிற்சாலையை வாங்கினார்கள். அங்கே இருந்த யந்திரங்கள் எல்லாம் மெட்ரிக் மரை வெட்டுகிறவை. மரைக்காக யந்திரங்களை மாற்றுவானேன் என்று தலையை மட்டும் தங்கள் நாட்டு ஸ்பானருக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார்கள். இது தெரியாமல் நான் கடையில் வாங்கிய ஸ்பானர் செட் இரண்டு போல்ட்டுகளின் தலையை வழவழவென்று உருட்டிவிட்டது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. தம் பையிலிருந்த விட்வொர்த் ஸ்பானர்களை எடுத்துக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டினார். அவ்வளவுதான்.

கார் கிளம்பவில்லை என்றால் பாய் கேட்பது இரண்டே கேள்விகள். நெருப்பு வருகிறதா? எண்ணெய் வருகிறதா? நெருப்பு என்றால் பிளக்கில் தெறிக்கும் பொறி. எண்ணெய் என்றால் பெட்ரோல். எண்ணெய் வருகிறதா என்று பார்க்கக் கண்கூட வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள் இருக்கும் மின்சார பம்ப் "டக் டக் டக்" என்று அடிக்கும். இரண்டு கார்புரேட்டரின் மிதவை அறைகளும் நிறைந்ததும் அடிப்பது மெதுவாகி நின்றுவிடும். அடிக்கவே இல்லையென்றால் பம்ப்பின் பாயின்ட்டில் கறுப்பு ஏறியிருக்கிறது. உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டாங்கி காலி, அல்லது எங்கேயோ ஒழுகுகிறது.

இவற்றைத் தவிரப் பாயிடம் இரண்டு கட்டளைகள் உண்டு. "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும், தம்பி. நாலை மாத்திட்டா எது சரியாச்சுன்னு தெரியாது" என்பது முதலாவது. இரண்டாவது, "கடைசியாக் கை வெச்ச எடத்தை முதல்ல பாரு" என்பது. நேற்றுவரை ஓடிய வண்டி இன்று ஓடவில்லை என்றால் நேற்று யார் எதைத் தொட்டார்கள் என்று யோசி என்று அர்த்தம். இந்த இரண்டாவது கட்டளை ஒரு நாள் அவர் பக்கமே திரும்பும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைக்கவில்லை.

சென்ற வருஷம் மழை விட்ட சமயம் கார் இருமத் தொடங்கியது. சமதரையில் ஒழுங்காகப் போகும். கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கும். சிக்னலில் நின்றால் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி, குளிர் ஜுரக்காரன் மாதிரி நடுங்கும். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனால் தம் அபிப்பிராயத்தைத் தெரிவிப்பார்.

முதலில் பெட்ரோலின் மேல் பழி போட்டோம். 2023லிருந்து பெட்ரோலில் 20 சதவிகிதம் வரையில் எத்தனால் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை அரிக்கும். ரப்பர் ஹோஸ்களைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே கொழகொழவென்றுதான் இருந்தன. மாற்றினோம். இருமல் நிற்கவில்லை. "கார்புரேட்டர் கோளாறுன்னு ஜனங்க கொண்டாற வண்டியில பாதிக்கு மேல டிஸ்ட்ரிபியூட்டர் கோளாறுதான்" என்பார் பாய். ஆகவே அடுத்த ஞாயிறு பாயின்ட்டை மாற்றினோம். அதற்கடுத்த ஞாயிறு கண்டென்சர். அப்புறம் பிளக் ஒயர்கள். முதல் கட்டளைப்படி ஒரு வாரத்துக்கு ஒன்றாக மாற்றியதில் ஒன்றரை மாதம் ஓடிப்போயிற்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடைசியில் பாய் இரண்டு கார்புரேட்டர்களையும் டியூன் செய்துவிட்டுப் போவார். திங்கட்கிழமை கார் முன்னைவிட அதிகமாக இருமும்.

அந்த டியூனிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் எஸ்.யூ. என்ற ஜாதிக் கார்புரேட்டர்கள் இரண்டு இருக்கின்றன. அதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்புக் கடைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஆதி காலத்து எஸ்.யூ. கார்புரேட்டருக்குள் காற்றுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் தோல் துருத்தி ஒன்று இருந்ததாம். குலத் தொழில் கல்லாமல் வரும் என்பது இதுதான் போலும். துருத்தி போய்ப் பிற்காலத்தில் பிஸ்டன் வந்தது.

இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவில் காற்றை இழுக்க வேண்டும். ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இழுத்தால், ஒத்துப்போகாத இரண்டு மாடுகளை ஒரு வண்டியில் பூட்டிய கதைதான். இதைச் சரிபார்க்க மீட்டர்கள் உண்டு. பாய்க்கு ஒரு முழ நீளமுள்ள ரப்பர்க் குழாய் போதும். ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு மறு நுனியை முதலில் முன் கார்புரேட்டரின் வாயிலும், பிறகு பின் கார்புரேட்டரின் வாயிலும் பிடிப்பார். "உஸ்" என்று காற்று போகும் சத்தம் இரண்டிலும் ஒன்றாகக் கேட்கும் வரையில் ஸ்க்ரூவைத் திருப்புவார். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு அவர் கேட்கும் அழகைச் சிறு வயதில் நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மாமாகூட அந்தச் சமயத்தில் பேச மாட்டார்.

ஒரு புதன்கிழமை எழுத்து ஓடவில்லை. எழுத்து ஓடாத நாட்களில் எனக்குக் கார் ஞாபகம் வரும். கொட்டகைக்குப் போய் நாலு பிளக்குகளையும் கழற்றி வரிசையாகத் துணிமேல் வைத்தேன். நல்ல எஞ்சினின் பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். பெட்ரோல் அதிகமானால் கரி பிடிக்கும், குறைந்தால் வெளுக்கும். என் நாலு பிளக்குகளில் முன்னால் இருக்கும் இரண்டும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருந்தன. பின்னால் இருக்கும் இரண்டும் அடுப்புக்கரி. முன் கார்புரேட்டர் முன் இரண்டு சிலிண்டர்களுக்கு, பின்னது பின் இரண்டுக்கு. நெருப்பில் கோளாறு இருந்தால் இப்படி இரண்டிரண்டாகப் பங்கு பிரியாது. இரண்டு கார்புரேட்டர்களும் ஒத்துப்போகவில்லை. அவற்றில் கடைசியாகக் கை வைத்தவர் யார்?

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. 'கிழவருக்குக் கவனம் போய்விட்டது. ஒன்றரை மாதமாக நம் பணத்தையும் பொழுதையும் பாழாக்கிவிட்டார்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். புதுப் பட்டறைகளில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் பையன்கள் யாராவது அகப்படுவார்களா என்று இரண்டு சிநேகிதர்களிடம் டெலிபோனில் விசாரிக்கவும் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் எட்டு மணிக்கு வந்தார். பானெட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கி மடித்து வைத்துவிட்டு, எஞ்சின்மேல் குனிந்து நின்றார். நான் சாவியைத் திருப்பினேன். பம்ப் அடிக்கத் தொடங்கியது. டக் டக் டக். நிற்கவில்லை. நான் இருந்த இடத்திலிருந்தே நன்றாகக் கேட்டது. பாயின் காதுக்கும் பம்ப்புக்கும் ஒரு முழ தூரம்கூட இல்லை. அவர் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, "பம்ப் நின்னுடுச்சா, தம்பி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவர் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் பிள்ளையைக் கேட்பதுபோல், நான் கவனிக்கிறேனா என்று சோதிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அன்றுதான் புரிந்தது. அவர் என்னைச் சோதிக்கவில்லை. அவருக்குத் தெரியாததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

சட்டென்று சாவியை அணைத்துவிட்டு இறங்கி ஓடினேன். முன் கார்புரேட்டரின் மிதவை அறையிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த எஞ்சினில் கார்புரேட்டருக்கு அடியில்தான் புகைக்குழல் போகிறது. எஞ்சின் சூடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. பாயும் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மிதவை அறையை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மூடியைத் திறந்து, ஊசி வால்வில் சிக்கியிருந்த கடுகளவு குப்பையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய விரல்கள் லேசாக நடுங்கின. "ஓவர்ஃப்ளோ" என்றார். அன்று டியூனிங் வேண்டாம், எனக்கு வெளியே வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி அவரைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

பிறகு டாக்டர் சிநேகிதர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். உட்காதில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட உறுப்பு ஒன்று இருக்கிறதாம். அதற்குள் மயிரிழை போன்ற நுனியுள்ள செல்கள் வரிசையாக இருக்கின்றன. வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவை கீச்சென்ற மெல்லிய ஒலிகளுக்கு. உள்ளே போகப் போகத் தடித்த ஒலிகளுக்கு. வயதாலும் இரைச்சலாலும் முதலில் உதிர்வது வாசலில் இருப்பவை. உதிர்ந்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே எதிரில் இருந்து நான் பேசுவது பாய்க்குக் கேட்கும். எஞ்சினின் திம்திம் என்ற அடி கேட்கும். கேட்காமல் போவது "உஸ்" என்ற சத்தம்தான். ஐம்பது வருஷம் இரும்பும் இரைச்சலுமாக உழைத்த மனிதரிடமிருந்து, அவர் தொழிலுக்கு வேண்டிய அந்த ஒரு சத்தத்தை மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது முதுமை.

காதில் ஒன்றும் விழாமலே கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் குழாயை அவர் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது, புதன்கிழமை வந்த கோபத்துக்காக வெட்கப்பட்டேன்.

"அவர்கிட்டே சொல்லிடறதா, வேண்டாமா?" என்று என் மனைவியைக் கேட்டேன். ஆறு நாவல் எழுதியவன், மனித சுபாவத்தைப் பற்றி மேடைகளில் பேசுகிறவன், கேட்டது இப்படி.

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "எதுக்குச் சொல்லணும்? அவருக்குத் தெரியாதா என்ன? நீங்க கத்துக் கொடுங்கன்னு கேளுங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

கேட்டதில்லை என்பது உண்மை. ஸ்பானர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விளக்குப் பிடித்திருக்கிறேன். குழாயை மட்டும் தொட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். பாய் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ரப்பர்க் குழாயை எடுத்து, நுனியை வேட்டியில் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"முதல்ல ரெண்டையும் சேர்க்கிற கிளாம்ப்பைத் தளர்த்து. இல்லாட்டி ஒண்ணைத் திருப்பினா இன்னொண்ணும் கூடவே வரும். ஆங். இப்போ முன்னாடி கேளு. எப்படி ஊதுது? மனசுல வெச்சுக்க. பின்னாடி கேளு."

கேட்டேன். முன்னால் பூனை சீறுவதுபோல் மெல்லிய சத்தம். பின்னால் பிரஷர் குக்கர்.

"பின்னாடி ரொம்ப ஜாஸ்தி, பாய்."

"ஸ்க்ரூவைக் கால் திருப்புக் குறை."

இப்படிக் கால் கால் திருப்பாக முக்கால் மணி நேரம் நடந்தது. அவர் தம் வலது உள்ளங்கையை மட்கார்டின்மேல் வைத்துக்கொண்டு, என் முகத்தையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எனக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்டன. பெருமையுடன் நிமிர்ந்து, "சரியாயிடுச்சு, பாய்" என்றேன்.

"இல்லே, தம்பி" என்றார் பாய். "பின்னாடி இன்னும் ஒரு நூல் இழுக்குது. நல்லாக் கேளு."

மறுபடி குழாயை வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஆமாம், மயிரிழை அளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. காதுக்குத் தப்பியது அவர் உள்ளங்கைக்குத் தப்பவில்லை.

பிறகு பெட்ரோல் அளவு. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் கால் நூல் உயரம் தூக்க வேண்டும். எஞ்சின் வேகம் பிடித்து அப்படியே ஓடினால் பெட்ரோல் அதிகம். சோர்ந்து விழுந்தால் குறைவு. சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் இருக்கும் நட்டை ஒரு பட்டை ஏற்றினால் குறையும், இறக்கினால் கூடும். இதற்குக் காது வேண்டியதில்லை. பாய் தாமே செய்தார். எஞ்சின் அவர் கையின் கீழ் நிதானத்துக்கு வந்தது. மட்கார்டின்மேல் என் மனைவி வைத்திருந்த டம்ளரில் டீ அலையாமல் நின்றது.

பனியன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பாய் சொன்னார்: "மவன் காதுக்கு மெஷின் வாங்கித் தரேங்கிறான். வெச்சுப் பார்த்தேன். ரோட்டுச் சத்தம், வூட்டுச் சத்தம், பேரப்புள்ள அழுகை எல்லாம் ஒண்ணா வருது. அதுல இஞ்சினை எங்கே தேடறது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஒரு பேச்சிலேயே முடிந்துவிட்டது. அவர் ஆறிப்போன டீயைக் குடித்தார். தோல் பையைக் கட்டினார். ரப்பர்க் குழாயைப் பையில் போடாமல், விட்வொர்த் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் இருந்த காலி ஆணியில் சுருட்டி மாட்டிவிட்டு, "வரேன், தம்பி" என்றார்.

புதன்கிழமை பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நாலும் காப்பிப்பொடி நிறம். கோடம்பாக்கம் மேம்பாலத்தில் கார் இருமாமல் ஏறியது. வழக்கம்போல் ஒரு ஆட்டோ என்னைத் தாண்டிப் போயிற்று.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் பாய் வருகிறார். நான் சாவியைத் திருப்புகிறேன். "பம்ப் நின்னுடுச்சா?" என்று அவர் கேட்பதற்கு முன்பே, "நின்னுடுச்சு, பாய்" என்று உரக்கச் சொல்லிவிடுகிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளங்கையை மட்கார்டின்மேல் வைக்கிறார்.

"இதை எப்போது விற்கப் போகிறீர்கள்?" என்று சென்ற வாரம்கூட ஒருவர் கேட்டார். அதைப் பாயைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.